ககரம் படுத்தும் பாடு

தமிழில் உள்ள பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வாங்குவதற்காக கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால், உடன் கொடுத்த கடவுச்சீட்டைத் திரும்பியும் பாராமல், தம் செவிக்குப் பட்டபடியே பெயரை எழுதித் தந்துவிடுகிறார். நமக்கு ககரம் ஒன்றே; ஆங்கிலத்திலோ அதற்கு இடத்துக்கொரு வேடம் என்பதால், கணேசனின் மகன் ஒரு தாளில் ‘ஜீ’யிலும் மறுதாளில் ‘கே’யிலும் தொடங்கும் இரண்டு தகப்பன்மாருக்குப் பிறந்தவனாகிறான். (தகரத்தோடு ‘எச்’ சேர்ப்பதா வேண்டாமா என்பது தனி வழக்கு.) இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது, இணைப்பின் இலட்சணமோ, இரண்டு எழுத்துக்கூட்டலும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று நாமே சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் கட்டணம் வேறு.