நிக்விஸ்ட் பற்றியும் நாலு வரி எழுதியிருக்கலாம்

ஸ்வீடன் திரைப்பட இயக்குநர் இங்மர் பெர்க்மன் பற்றிய உங்கள் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் மரணம், கடவுளின் மௌனம் என்பதோடு அவரை நிறுத்திவிட்டீர்கள். அவருடைய ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட் பெயர் ஓரிடத்தில்கூட வரவில்லை, எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

1963-ல் வந்த 'வின்டர் லைட்' படத்துக்காக இருவரும் ஒரு தேவாலயத்துக்குள் உட்கார்ந்து, குளிர்கால வெளிச்சம் எப்படி மாறிக்கொண்டே போகிறது என்று கவனித்தார்கள். அதனால்தான் படம் முழுக்க அந்த மங்கல். நம்பிக்கை இழந்த பாதிரியார் நிற்கும்போது ஜன்னலில் வெளிச்சம் சட்டென்று கூடும் பாருங்கள், அங்கே வசனமே வேண்டாம். பெர்க்மனே பாதிரியாரின் மகன் என்பது தெரிந்தால் அந்தக் காட்சி இன்னும் கனக்கும். 1982-ன் 'ஃபேனி அண்ட் அலெக்சாண்டர்' வாங்கிய நான்கு ஆஸ்கர்களில் ஒன்று நிக்விஸ்டுடையது.

பெர்க்மன் மேல் 1976-ல் வந்த வரி ஏய்ப்பு வழக்கையும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நாடக ஒத்திகையிலிருந்து போலீஸ் கூட்டிப்போன மனிதர் அவர். அப்புறம் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஆனாலும் மனம் உடைந்து நாட்டைவிட்டே போய், ஜெர்மனியின் மியூனிக்கில் பல வருடம் இருந்தார்.

பெர்க்மன் படங்களைப் புதிதாகப் பார்ப்பவர்கள் 'வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்' படத்தில் தொடங்குங்கள். அதில் முதிய பேராசிரியராக வருபவர் விக்டர் ஷோஸ்ட்ரோம், மௌனப்பட காலத்தின் பெரிய இயக்குநர். கடைசியில் தூரத்தில் அப்பா அம்மாவைப் பார்க்கும்போது அந்த முகத்தில் வரும் அமைதிக்காக மட்டும் நான் நாலு தடவை பார்த்திருக்கிறேன்.