14 செஷன் ஆகியும் கதை ஆரம்பிக்கவில்லையாம்

என் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேருக்கு ஒரு கேம்ப்பெயின் நடத்துகிறேன்: ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி, செஷன் செஷனாகத் தொடர்ந்து ஆடுகிற ரோல்பிளேயிங் விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நம் குழுவில் அதைப் பற்றி வந்த அந்த வாய்ஸ் நோட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்றுதான் மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நேற்று வேறொரு டேபிளில் ஆடுகிற, என்னை நேரில் பார்த்தே இராத ஒருவர், "உங்க கேம்ப்பெயின்ல கதையே கிடையாதாமே?" என்று கேட்டார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

அனுப்பியவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. கேட்டவர்களுக்குத் தெரியும். அவர் சொன்னது: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. 14 செஷன் ஆச்சு, கதை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. நீங்க ஒண்ணும் யோசிச்சு வைக்கலையோன்னு தோணுது."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன் தம்பி.

நான் நடத்துவது சாண்ட்பாக்ஸ் கேம்ப்பெயின்: உலகத்தை மட்டும் நான் வைப்பேன், எங்கே போவது என்ன செய்வது என்பது ஆடுகிறவர்கள் கையில். அதிலும் கதை உண்டு. ஆடி முடித்த பிறகு திரும்பிப் பார்த்தால் தெரியும். ஆடுவதற்கு முன்னால் என் நோட்டில் இருக்காது. இந்த ஒன்றைத்தான் செஷன் ஜீரோவில், அதாவது ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசியபோது, சொன்னேன், எல்லோரும் தலையாட்டினீர்கள். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

யோசித்து வைக்கவில்லை என்ற பேச்சுக்கு வருகிறேன். கதையை வைத்து ஓட்டுகிற டிஎம் (டஞ்சன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துகிறவர்) அடுத்து என்ன நடக்கும் என்று எழுதி வைப்பார். நான் அங்கே யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். ஆட்டம் நடக்கிற தீவின் வடக்கே உப்புக் கடத்துகிற கும்பல், தெற்கே கோயில்காரர்கள், இரண்டு பேருக்கும் கடன் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் வட்டிக்காரி. பிளேயர்கள் குறுக்கே போகாவிட்டால் இவர்களில் யார் எந்த வாரம் என்ன செய்வார்கள் என்று தேதி போட்டு வைத்திருக்கிறேன். அறுகோணக் கட்டங்கள் போட்ட ஹெக்ஸ் மேப்பில் ஒரு கட்டம் 6 மைல். நீங்கள் போகாத கட்டங்களிலும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பெயர் இருக்கிறது. வாரத்தில் குறைந்தது 4 மணி நேரம், ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, எல்லோரும் தூங்கிய பிறகு செய்கிற வேலை இது. யாருமே கால் வைக்காத ஊருக்குக்கூடச் சந்தை நாள் குறித்து வைத்தவளிடம் வந்து யோசிக்கவில்லை என்கிறீர்கள்.

சிப்பித்துறையை மறந்துவிட்டீர்களா?

6ஆவது செஷனில் படகுக்காரர் சொன்னார், உப்புக் கும்பல் சிப்பித்துறையைக் குறிவைத்திருக்கிறது என்று. 8ஆவது செஷனில் கள்ளுக்கடையில் அதே செய்தி இன்னொரு வாயிலிருந்து வந்தது. நீங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து நாற்பது நிமிடம் பேசினீர்கள். நான் வாயே திறக்கவில்லை. கடைசியில் கலங்கரை விளக்கத்துக்குப் போவது என்று முடிவு செய்து, இருந்த தங்கத்தையெல்லாம் போட்டுப் படகு வாங்கி, அதற்கு அல்லி என்று பெயரும் வைத்தீர்கள். அது நல்ல முடிவுதான். ஆனால் 11ஆவது செஷனில் திரும்பி வந்தபோது சிப்பித்துறை சாம்பலாகக் கிடந்தது. என் நோட்டில் அந்தத் தேதி முதல் நாளிலிருந்தே இருந்தது.

அன்றைக்கு டேபிளில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பிளேயர், தன் கேரக்டர் அங்கேயே தங்கிக் குழி தோண்டுவான் என்றார். படகுக்காரரின் மகளுக்கு ஒன்று, அவள் பாட்டிக்கு ஒன்று. பகடை எதுவும் உருளவில்லை, அரைமணி நேரம் குழி தோண்டுவதைப் பற்றி மட்டும்தான் பேசினோம். அவர் குரல் கம்மியதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். அந்த அரைமணி நேரத்தை எந்த மாட்யூலும் (தயாராக அச்சில் வரும் சாகசப் புத்தகம்) எனக்கு எழுதித் தரவில்லை, நானும் எழுதி வைக்கவில்லை. கதை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று வாய்ஸ் நோட் அனுப்பியதும் அதே பிளேயர்தான். இதுதான் எனக்குப் புரியவே இல்லை.

சாண்ட்பாக்ஸ் என்பது இப்போது யாரோ கண்டுபிடித்த சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் வெளியிட்ட முதல் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) பெட்டியில், காட்டிலும் மேட்டிலும் சுற்றுவதற்கு வேறொரு கம்பெனியின் போர்ட் கேமான அவுட்டோர் சர்வைவல் மேப்பை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மேப்பும் அதில் என்ன இருக்கிறது என்பதும்தான் டிஎம்மின் சரக்கு. 1981இல் டி அண்ட் டியின் எக்ஸ்பர்ட் செட்டோடு ஐல் ஆஃப் டிரெட் என்ற மாட்யூல் வந்தது. பிளேயர்களுக்குக் கிடைக்கிற மேப்பில் கரையோரம் மட்டும்தான் இருக்கும், உள்ளே வெறும் கட்டங்கள். நடந்து போய் நாமே நிரப்ப வேண்டும். என் தீவு அந்த வெள்ளைக் கட்டங்களிலிருந்துதான் பிறந்தது.

கதையை முன்வைத்த பெரிய மாட்யூல் தொடர் என்றால் டிராகன்லான்ஸைத்தான் சொல்வார்கள், 1984. கேரக்டர்களும் தயாராக வரும், யார் யார் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதும் தயாராக வரும். முக்கியமான ஆள் செத்தால் உடல் கிடைக்காத மாதிரி சாகடியுங்கள், பின்னால் தேவைப்படுவார் என்று டிஎம்முக்கு அறிவுரையே இருக்கிறது. அதை ரசித்து ஆடியவர்கள் ஏராளம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் டேபிளில் படகுக்காரரின் மகள் செத்தால் செத்ததுதான். அதனால்தான் அந்தக் குழிக்கு அவ்வளவு கனம் இருந்தது.

"கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட் மாதிரி ஒன்று ஓட்டுங்கள், அதுதான் கதை" என்று கமெண்டில் வருவீர்கள். தெரியும். எனக்கும் ரொம்பப் பிடித்த மாட்யூல் அது. ஆனால் அதைப் பிரித்துப் பாருங்கள். மூடுபனி சூழ்ந்து வெளியேற முடியாத ஒரு பள்ளத்தாக்கு, ஊர்கள், அவரவர் ஆசைகளோடு ஆட்கள். எந்தப் பொருள் எங்கே கிடைக்கும் என்பதைக் குறி சொல்கிறவள் விரிக்கிற சீட்டுக்கட்டு முடிவு செய்கிறது. அதற்கு மூலமாக 1983இல் வந்த ரேவன்லாஃப்டிலும் சீட்டு உண்டு. எந்த ஊருக்கு முதலில் போவது என்பது பிளேயர்கள் பாடு. நீங்கள் கதை என்று கொண்டாடுகிற இடத்தில் பாதி வேலையைத் திறந்த மேப் செய்கிறது. மாஸ்க்ஸ் ஆஃப் நையார்லதோடெப் என்ற கேம்ப்பெயின் புத்தகமும் அப்படித்தான், நியூயார்க்கில் தொடங்கிய பிறகு லண்டனா கெய்ரோவா ஷாங்காயா என்பது ஆடுகிறவர்கள் கையில்.

புதிதாக வருகிறவர்கள் எங்கே போவது என்று தெரியாமல் முழிப்பார்கள் என்பது சரி, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் முதல் மூன்று செஷனுக்கு வேலை கொடுத்து அனுப்பினேன்.

வேலைக்குப் போகிறவர்கள், மாதத்துக்கு இரண்டு ஞாயிறுதான் கிடைக்கிறது, ஒரு முடிவு வேண்டாமா என்பார்கள். பென் ராபின்ஸ் வெஸ்ட் மார்ச்சஸ் என்று ஒரு கேம்ப்பெயின் ஓட்டி, 2007இல் அதைப் பற்றி எழுதினார். நிலையான நேரம் கிடையாது, நிலையான குழு கிடையாது, கதை வரிசையும் கிடையாது. எங்கே போவது, யார் யார் போவது, எப்போது ஆடுவது எல்லாமே பிளேயர்கள் முடிவு. டிஎம் என்ன கொடுப்பார் என்று காத்திருக்கிற பழக்கத்தை உடைக்கத்தான் அப்படிச் செய்தார். ஒவ்வொரு செஷன் முடிவிலும் நானும் கேட்கிறேனே, "அடுத்து எங்கே போறீங்க?" என்று. 14 முறை கேட்டிருக்கிறேன். அந்தத் தம்பி 14 முறையும் சொன்னது, "எல்லாரும் சொல்றது எனக்கு ஓகே அக்கா." ஒரு தடவைகூட எங்கே போக ஆசை என்று சொல்லவில்லை. பிறகு எதுவும் நடக்கவில்லை என்றால் நான் என்ன செய்வது?

ஏன் இவ்வளவு வேகப்படுகிறேன் என்று கேட்பீர்கள். என் முதல் கேம்ப்பெயினைப் பற்றி இங்கே நான் எழுதியதே இல்லை. 2019. நான் பிளேயர். டிஎம் நல்ல மனிதர், குரல் மாற்றிப் பேசுவதில் கெட்டிக்காரர். என் கேரக்டர் ஒரு வயதான மதகுரு, எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள். மூன்றாவது செஷனிலேயே வில்லனை ஒரு நிலவறையில் வைத்துப் பூட்டிவிட்டோம். டி20இல், அதாவது இருபது பக்கப் பகடையில், 20 விழுந்தது, டேபிளே எழுந்து நின்று கத்தியது. டிஎம் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, வில்லன் புகையாக மறைந்துவிட்டான் என்றார். அடுத்த தடவையும் புகை. அதற்கடுத்த தடவையும் புகை. இடது பாதையில் போனாலும் வலது பாதையில் போனாலும் அதே சத்திரம், அதே ராட்சசன்.

எட்டு மாதம் கழித்து, கடைசி செஷனுக்கு முந்தின நாள், அவர் பெருமையோடு தன் நோட்டைக் காட்டினார். கடைசிக் காட்சி முழுக்க எழுதியிருந்தது. என் மதகுரு தன் உயிரைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றுகிறாள். அவள் பேசுகிற வசனம்கூட இருந்தது. நான் எட்டு மாதமாக அவளை ஓடிப்போகிறவளாக நினைத்து ஆடிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்த வெட்கம் இருந்தது, அதை என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. அடுத்த நாள் போய் அந்த வசனத்தைச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அழுதேன்.

அதற்கப்புறம் டிஎம் ஸ்கிரீனுக்குப் பின்னால் உட்கார்ந்தபோது, என் டேபிளில் யாருடைய வசனத்தையும் நான் எழுதமாட்டேன் என்று முடிவு செய்தேன். அதைத்தான் நீங்கள் ஒன்றும் யோசிக்கவில்லை என்கிறீர்கள்.

கதைக் கேம்ப்பெயின் பிடிக்கும் என்றால் பிடிக்கட்டும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஊரில் நல்ல டேபிள்கள் இருக்கின்றன, நானே அறிமுகப்படுத்திவிடுகிறேன். டீயும் முறுக்குமாக ஆறு மாதம் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு வார்த்தை நேரில் சொல்லாமல் நாற்பது பேர் இருக்கிற குழுவில் போட்டதுதான் வலிக்கிறது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருப்பேன்.

இந்த ஞாயிறு 15ஆவது செஷன். அல்லியைப் பறிமுதல் செய்ய வட்டிக்காரி ஆள் அனுப்புகிற தேதி அன்றைக்குத்தான். நான் அதை மாற்றவில்லை. படகில் சுக்கான் பிடிப்பது அந்தத் தம்பியின் கேரக்டர். குழி தோண்டின மண் இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது என்று அவரேதான் சொன்னார், என் நோட்டிலும் குறித்து வைத்திருக்கிறேன். நாற்காலி ஐந்தும் போட்டு வைப்பேன். வழக்கம்போல நாலு மணி.