20-ம் தேதி ராத்திரி அழுவதற்கு முன்னால்

ஆடிட்டர் ஆபீஸ்களில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பி.காம் முடித்து வந்து, 60 கிளையன்ட்டின் ஜிஎஸ்டி வேலையை ஒற்றை ஆளாகத் தலையில் தூக்கிக்கொண்டு, "முடியல சார்" என்று சொல்ல வாய் வராமல் தவிக்கிறவர்கள் நிறையப் பேர். சொன்னால் திமிர் என்று நினைப்பார்களோ, வேலை தெரியாதவள் என்பார்களோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் நீங்கள் பேசாமல் இருந்தால் சார் புரிந்துகொள்வது ஒன்றே ஒன்று: "பொண்ணு சமாளிச்சுக்கும்."

வாய் வரவில்லையா, கணக்கைப் பேச விடுங்கள். நமக்குத் தெரிந்த தொழில் அதுதானே.

மாதம் பூரா வேலை இருந்தாலும் கழுத்தைப் பிடிப்பது 14-க்கும் 20-க்கும் நடுவில்தான். 2பி, அதாவது சப்ளையர்கள் ஏற்றிய பில்களையும் அதில் கிடைக்கும் வரி கிரெடிட்டையும் காட்டும் ஜிஎஸ்டி பட்டியல், வருவதே 14-ம் தேதி. அது வராமல் பர்ச்சேஸ் பில்லை ஒத்துப்பார்க்க முடியாது. 20-க்குள் 3பி, அதாவது வரியைக் கணக்கிட்டுக் கட்டும் மாத ரிட்டர்ன், போட வேண்டும். நடுவில் ஞாயிறு விழுந்தால் கையில் 5 நாள். போன், டீ, "அந்த ஃபைலை எடும்மா" எல்லாம் போக, உட்கார்ந்து வேலை பார்ப்பது நாளுக்கு 5 மணி நேரம் என்று வையுங்கள். மொத்தம் 1500 நிமிடம். 60-ல் நில் ரிட்டர்ன் (அந்த மாதம் வியாபாரமே இல்லாதவர்கள் போடுவது) 10 போனால் மீதி 50. ஒன்றுக்கு 40 நிமிடம் என்றால் 2000. குறைவது 500 நிமிடம், அதாவது நாளுக்கு 5 மணி நேரக் கணக்கில் ஒன்றரை நாளுக்கும் மேல் வேலை. எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் அந்த நேரம் வராது. வேகமாகத் தட்டினால் இன்வாய்ஸ் நம்பர்தான் தப்பும். பர்ச்சேஸ் பில் 2பி-யோடு ஒத்துவராது, கிளையன்ட் சாருக்குப் போன் போடுவார், திட்டு உங்களுக்கு.

அந்த 40 நிமிடத்தில் பாதி காத்திருப்பது என்பதையும் சார் பார்ப்பதில்லை. ரிட்டர்ன் ரெடி, ஓடிபி கிளையன்ட் போனுக்குப் போயிருக்கிறது, அவர் கடையில் கூட்டம், எடுக்கவில்லை. 10 நிமிடத்தில் காலாவதி. மறுபடி முதலிலிருந்து. காலையிலேயே "மாலை 4-லிருந்து 5-க்குள் ஓடிபி வரும், போனைக் கையில் வைங்க அண்ணா" என்று மெசேஜ் போட்டு, தயாரான ஐந்தாறு பேரையும் அந்த ஒரு மணி நேரத்தில் முடியுங்கள்.

15-ம் தேதி காலை சாருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்: "சார், 50 ஃபைலில் பில், ஸ்டேட்மென்ட் முழுசா வந்தது 37, வராதது 13. 20-க்குள் முடிக்க 500 நிமிஷம் குறையுது. போன மாசம் 3பி விட்டவங்களை முதலில் எடுக்கிறேன், அடுத்து கேஷ் கட்ட வேண்டியவங்க. வேற வரிசை வேணும்னா மதியத்துக்குள்ள சொல்லுங்க சார்." மன்னிப்பு வேண்டாம், புலம்பல் வேண்டாம்.

ஏன் அந்த வரிசை? தொடர்ந்து 2 மாதம் 3பி விட்டால் ஈ-வே பில் (சரக்கை அனுப்பத் தேவையான ஆன்லைன் சீட்டு) நின்றுவிடும், சரக்கு குடோனிலேயே கிடக்கும். கிரெடிட் போக மீதி கட்ட வேண்டிய கேஷ் பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. 2 லட்சம் கட்ட வேண்டியவர் ஒரு நாள் தாமதித்தால் வட்டி சுமார் 99 ரூபாய், லேட் ஃபீ 50. கிரெடிட்டிலேயே கழிகிறவருக்கு அந்த 50-தான். நில் ரிட்டர்ன்காரர்கள் தங்கள் போனிலிருந்து 14409-க்கு எஸ்எம்எஸ் அனுப்பியே முடித்துவிடலாம்.

"எல்லாத்தையும் முடிச்சிடும்மா" என்றே பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். "16, 17 ரெண்டு நாள் என்ட்ரிக்கு மட்டும் ஒருத்தரைக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். பொதுவாக உதவி கேட்டால் யாருக்கும் காதில் விழாது. நாளையும் வேலையையும் சொல்லிக் கேட்டால் மறுப்பது கடினம்.

21-ம் தேதி ஆசுவாசமாக இன்னொன்றைப் பேசுங்கள். 5 கோடி வரை டர்ன்ஓவர் உள்ளவர்கள் காலாண்டு ரிட்டர்னுக்கு மாறலாம். ஜூலை–செப்டம்பருக்கு என்றால் மே 1 முதல் ஜூலை 31 வரை போர்ட்டலில் மாற்றலாம். முதல் 2 மாதங்களுக்கு, அடுத்த மாதம் 25-க்குள் வரி கட்டும் செலான் மட்டும். தமிழ்நாட்டில் 3பி காலாண்டு முடிந்து அடுத்த மாதம் 22-ம் தேதி. மாதாமாதம் கிரெடிட் கேட்கும் பார்ட்டி இருந்தால் அடுத்த மாதம் 13-க்குள் ஐஎஃப்எஃப் என்ற போர்ட்டல் வசதியில் அந்த பில்களை மட்டும் ஏற்றலாம். 20 பேர் மாறினால், செலானுக்கு 10 நிமிடம் போனாலும், அந்த 2 மாதங்களில் மாதத்துக்கு 600 நிமிடம் மிச்சம். உங்களுக்குக் குறைந்ததே 500-தான்.