முதல் நாலுக்குள்ளேயே வராத அணியிலிருந்து ஒரு எம்விபி

சிறந்த வீரர் விருதைக் கோப்பை ஜெயித்த அணிக்காரனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு நண்பர் ஒற்றைக்காலில் நிற்கிறார். "தோத்த டீம்ல நல்லா ஆடி என்ன பிரயோஜனம்?" என்பது அவர் வாதம். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஏட்ரியாட்டிக் கூடைப்பந்து லீகின் 2014–15 சீசன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2001இல் தொடங்கிய லீக் அது. யூகோஸ்லாவியா துண்டு துண்டாகச் சிதறியதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு குட்டி லீக்தான் மிஞ்சியது. உள்ளூரில் நாலு நல்ல அணி இல்லாமல் பெரிய கிளப்புகள் என்ன செய்யும்? போரில் எதிரெதிரே நின்ற நாடுகளின் கிளப்புகள் மறுபடி ஒரே அட்டவணைக்குள் வந்தன. அந்த சீசனில் 14 அணிகள், ஆளுக்கு 26 ஆட்டங்கள், முதல் நாலு அணிகளுக்கு பிளே ஆஃப், அதாவது கோப்பைக்கான மோதல். ரெட் ஸ்டார், பார்டிசான், செடெவிடா, புடூச்னோஸ்ட் வந்தார்கள். இறுதிச் சுற்றில் செடெவிடாவை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது பெல்கிரேடின் ரெட் ஸ்டார்.

எம்விபி, அதாவது அந்த சீசனின் சிறந்த வீரர், யார்? அந்த நாலு அணியிலும் இல்லாத ஒருவன். மெகா என்ற கிளப்பின் சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் நெட்டையன்), சீசன் நடுவில்தான் 20 வயது நிரம்பிய நிகோலா யோகிச்.

இன்று அந்தப் பெயரைச் சொன்னால் யாரும் வாதாட மாட்டார்கள். அமெரிக்காவின் பெரிய லீகான என்பிஏவில் மூன்று முறை எம்விபி, 2023இல் சாம்பியன். ஆனால் பின்னால் நடந்ததை வைத்து அந்த விருதை நியாயப்படுத்துவது சோம்பேறித்தனம். அன்றைய நிலவரம் என்ன? என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2014இல் 41ஆவது ஆளாகத்தான் டென்வர் அணி அவனை எடுத்திருந்தது. உடனே அமெரிக்காவுக்கு ஓடாமல் இன்னும் ஒரு வருடம் மெகாவிலேயே ஆடினான். என்னைக் கேட்டால், அவன் வாழ்க்கையில் எடுத்த நல்ல முடிவுகளில் அது முதல் வரிசையில் வரும்.

ஏன் என்றால், விதி. என்பிஏவில் தடுப்பாட்டக்காரர் யாரையும் காக்காமல் கூடைக்குக் கீழே உள்ள பகுதியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஏட்ரியாட்டிக் லீக் பின்பற்றும் ஃபிபா (உலகக் கூடைப்பந்து அமைப்பு) விதியில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. எதிரணியின் நெட்டையன் கூடையடியிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம்! ஆட்டமும் 48 நிமிடம் இல்லை, 40தான். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே. இப்படிப்பட்ட நெரிசலில், வேகமாக ஓடவும் வராமல் உயரமாகக் குதிக்கவும் வராமல் ஒரு பையன் என்ன செய்ய முடியும்? யாரை நோக்கி இரண்டு பேர் நகர்கிறார்கள், அதனால் எவன் தனியாக நிற்கிறான் என்று பந்து கைக்கு வருவதற்கு முன்பே கணக்குப் போட வேண்டும். இன்று உலகமே வாய் பிளக்கும் அந்த பாஸ்களெல்லாம் இப்படி இடமில்லாத இடத்தில் பழகியவை என்பது என் எண்ணம்.

அதே லீகில் அதே வருடம் ரெட் ஸ்டாருக்கு ஆடியவர் போபன் மரியானோவிச். 2.24 மீட்டர் உயரம். கையை நீட்டினால் போதும், குதிக்கவே வேண்டாம். அப்படி ஒரு மலையைத் தாண்டி எப்படிக் கூடை போடுவது என்று யோசிப்பதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஒரு சென்டருக்கு எங்கே கிடைக்கும்? பெஞ்சில் துண்டை ஆட்டிக்கொண்டு அமெரிக்காவில் உட்கார்ந்திருந்தால் கிடைத்திருக்காது.

வட்டார லீக் என்றாலே "இரண்டாம் தரம்" என்று ஒதுக்குகிறவர்களிடம் எனக்குச் சண்டை இந்த இடத்தில்தான். மெகா மாதிரியான கிளப் கோப்பைக்காகப் பிழைப்பதில்லை. பையன்களை எடுக்கும், தப்பு செய்ய விடும், தோற்றாலும் அடுத்த ஆட்டத்தில் அவர்களையே இறக்கும். 2016 டிராஃப்டில் மட்டும் அந்த ஒரு கிளப்பிலிருந்து மூன்று பேர் தேர்வானார்கள். அதில் ஒருவர், பின்னால் என்பிஏ சென்டரான இவிட்சா சுபாட்ஸ். கோப்பையைத் துரத்தும் பெரிய கிளப்பில் 19 வயதுக்காரனுக்கு அத்தனை நிமிடங்கள் கிடைப்பது லேசு இல்லை. இரண்டு ஆட்டம் தோற்றால் பயிற்சியாளர் வேலையே ஆட்டம் காணும்.

நண்பர் சொல்வதில் துளி நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மோசமான அணியில் பந்து எப்போதும் ஒருத்தன் கையிலேயே இருக்கும், எண்ணிக்கை தானாக ஏறும். உண்மைதான். ஆனால் எண்ணிக்கைக்காக ஆடுகிறவன் பாஸ் கொடுக்க மாட்டான். யோகிச் கொடுத்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகும் அவர் மசியவில்லை. கோப்பைதான் கணக்காம். சரி, அந்த வருடம் கோப்பை வென்ற ரெட் ஸ்டார் அணியில் ஐந்து பேரைச் சொல்லுங்கள் என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு போபன் என்றார். அதுவும் போபன் ஒரு ஹாலிவுட் படத்தில் அடியாளாக வந்து உதை வாங்கியதால் தெரிந்த பெயர்.