டங்க் அடிக்கிறவனுக்குச் சேர வேண்டிய மரியாதை

கூடைப்பந்து பார்க்கிற நம்ம ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு பையன் தூரத்தில் நின்று த்ரீ (மூன்று பாயின்ட் தருகிற தூர எறிதல்) போட்டால் "என்ன ஒரு கை சுத்தம்!" என்பார்கள். இன்னொரு பையன் ஓடிவந்து எகிறி, பந்தைக் கையாலேயே மேலிருந்து ரிங்குக்குள் அழுத்தி டங்க் அடித்தால் விசில் பறக்கும். விசில் அடங்கியதும் அதே வாய் சொல்லும்: "நெட்டையா இருக்கான், கை எட்டுது, வைக்கிறான். இதுல என்ன ஆட்டம் இருக்கு?" காரைக்குடி சுற்றுவட்டார மைதானங்களில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சமீபத்தில் ஒரு போட்டியில் சிறந்த ஆட்டக்காரரைத் தேர்வு செய்கிற இடத்திலும் இதே பேச்சுதான் ஓடியது. அதனால்தான் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூரத்திலிருந்து எறிந்து போடுகிற ஷூட்டிங்குக்கு என்ன மதிப்பு கொடுக்கிறோமோ அதே மதிப்பை டங்க்குக்கும் கொடுக்க வேண்டும். விசில் போதாது.

உயரம் இருந்தால் போதும் என்கிறவர்கள் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ரிங் தரையிலிருந்து 10 அடி உயரம். பந்தின் விட்டம் ஏறக்குறைய 24 செ.மீ. பந்தை மேலே கொண்டுபோய் உள்ளே அழுத்த வேண்டுமென்றால் கை ரிங்குக்கு மேல் கிட்டத்தட்ட ஒரு சாண் போயாக வேண்டும். ஆறடிப் பையன் நின்ற இடத்தில் கையைத் தூக்கினால் சுமார் எட்டடி எட்டும். மீதி இரண்டடி, அதற்கு மேல் அந்த ஒரு சாண், எல்லாவற்றையும் கால்தான் கொடுக்க வேண்டும். நல்ல ஆரோக்கியமான இளைஞன் சாதாரணமாக எகிறுவது ஒன்றரை அடி. ஆறடி நான்கு அங்குலம் இருக்கிற பையனுக்குக்கூட இது தானாக வந்துவிடாது. நம்ம ஊரிலேயே அந்த உயரத்தில் இருந்தும் டங்க் அடிக்க முடியாதவர்கள் உண்டு. இன்னொரு பக்கம் பாருங்கள், 1986-இல் என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்) டங்க் போட்டியில் ஜெயித்த ஸ்பட் வெப்பின் உயரம் 5 அடி 7 அங்குலம். நம்ம கடைத்தெருவில் நடந்து போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத உயரம் அது.

பள்ளத்தூர் பக்கத்திலிருந்து சாயங்காலம் சைக்கிளில் வருகிற ஒரு பையனை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முதலில் வெறும் கையால் ரிங்கைத் தொட்டான். விரல் நுனியெல்லாம் துரு. அப்புறம் டென்னிஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு எகிறி உள்ளே போட்டான். அது பழகியதும் வாலிபால். கடைசியாகத்தான் கூடைப்பந்து. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. அவன் உள்ளங்கைக்குப் பந்து அடங்கவில்லை. கையை வீசி மேலே கொண்டுபோகும்போது பந்து வழுக்கி ரிங்கின் பின்பக்கத்தில் இடித்து, பாதி மைதானம் தாண்டிப் போய் விழும். பிறகு பந்தை மணிக்கட்டோடு அணைத்துப் பிடித்து மேலே கொண்டுபோகப் பழகினான். கடைசி இரண்டு எட்டில் முதல் எட்டை நீளமாகவும் இரண்டாவதைச் சின்னதாகவும் வைத்தால்தான் ஓட்டத்தின் வேகம் உயரமாக மாறுகிறது என்று அவனே கண்டுபிடித்துக்கொண்டான். இவ்வளவையும் அவன் தனியாகச் செய்தான். த்ரீ பழகுகிற பையனுக்குப் பந்து எடுத்துக் கொடுக்க நான்கு பேர் நிற்பார்கள், இவனுக்கு யாரும் நிற்பதில்லை. இப்படிப்பட்டவனைப் பார்த்து "கை எட்டுது, வைக்கிறான்" என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

மேட்சில் இன்னும் கஷ்டம். இரண்டடிக்கு மேல் எகிறினாலும் காற்றில் இருக்கிற நேரம் முக்கால் விநாடிதான். அதற்குள் எதிராளியின் கை எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும், இடிபட்டாலும் பந்தை விடக்கூடாது, கீழே சிமெண்ட் தரையில் கால் பிசகாமல் இறங்க வேண்டும். ஷூட்டருக்கும் அழுத்தம் உண்டு. ஆனால் அவர் மேல் இன்னொருவர் உடம்போடு வந்து மோதினால் பெரும்பாலும் ஃபவுல் கிடைத்துவிடும். ரிங்குக்குக் கீழே நடக்கிற இடி தள்ளு பாதிக்கு மேல் நடுவரின் விசில் இல்லாமலே போய்விடும்.

சரி, பலன் கணக்குக்கு வருவோம். என்.பி.ஏ.யில் த்ரீ உள்ளே விழுகிற சராசரி 36 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அப்படியென்றால் ஒரு த்ரீ முயற்சிக்குச் சராசரியாக 1.08 பாயின்ட். டங்க்குக்கு இரண்டு பாயின்ட்தான், ஆனால் பத்துக்கு ஒன்பதுக்குக் குறையாமல் விழும், அது 1.8 பாயின்ட். கூடைப்பந்தில் இதைவிட நம்பகமான முயற்சி வேறு கிடையாது. "அவ்வளவு சுலபமாக விழுவதற்கு எதற்குப் பாராட்டு?" என்று கேட்பார்கள். அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் ஆட்டமே. விழுவது சுலபம் ஆகும்படி செய்தவன் யார்?

பார்வையாளர்கள் கவனிக்காமல் விடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியம். டங்க் அடிக்கக்கூடிய ஒருவன் ஸ்கிரீன் வைத்துவிட்டு (எதிராளியின் வழியில் உடம்பால் மறித்து நின்றுவிட்டு) ரிங்கை நோக்கி ஓடுகிறான் என்று வையுங்கள். பந்து அவனுக்கு வரவே வேண்டாம். மேலே தூக்கிப் போட்டால் கதை முடிந்தது என்று எதிரணிக்குத் தெரியும். அதனால் மூலையில் ஷூட்டரைக் காத்துக்கொண்டிருந்தவன் இரண்டு எட்டு உள்ளே வந்தே ஆக வேண்டும். அந்த இரண்டு எட்டில் மூலை காலியாகிவிடும். பந்து அங்கே போகும், ஷூட்டர் நிதானமாகப் போடுவார், மைதானம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தும். உள்ளே ஓடினவன் பெயர் ஸ்கோர் ஷீட்டில் எங்கேயும் வராது. அவன் ரிங்குக்குப் பக்கத்தில் வந்து பந்தை மெதுவாகத் தூக்கிப் போடுகிற வெறும் லே அப் ஆட்டக்காரனாக இருந்திருந்தால் அந்த மூலை திறந்தே இருக்காது. அந்த மூன்று பாயின்டில் அவனுக்குப் பங்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

இந்தப் பாரபட்சம் இன்று நேற்று வந்ததும் இல்லை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 1967-இல் டங்க்கையே தடை செய்தார்கள். ரிங் உடைகிறது, காயம்படுகிறது, தடுக்க முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். அப்போது யு.சி.எல்.ஏ. என்கிற கலிஃபோர்னியப் பல்கலைக்கழக அணியில் லூ அல்சிண்டர் ஆடிக்கொண்டிருந்தார், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் ஆனவர். தன்னைப் போன்ற கறுப்பின ஆட்டக்காரர்களைக் குறிவைத்த விதி என்றே அவர் கருதினார். தடைக்குப் பிறகும் 1968, 1969 இரண்டு வருடமும் அவர் அணிதான் சாம்பியன். டங்க் இல்லாமல் போனதும், ஒரு கையைத் தலைக்கு மேல் வளைத்துப் பந்தைப் போடுகிற ஸ்கைஹுக்கைத் தீட்டிக்கொண்டார். என்.பி.ஏ.யில் அவர் எடுத்த 38,387 பாயின்டை 2023-இல்தான் லெப்ரான் ஜேம்ஸ் தாண்டினார். கல்லூரி ஆட்டத்துக்கு டங்க் திரும்பி வந்தது 1976-இல். உயரத்தால் மட்டும் ஆடினவர் என்று ஒதுக்கப் பார்த்தவரிடம் எவ்வளவு வித்தை இருந்தது பாருங்கள்.

ஷூட்டிங்கைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ரிங்கின் விட்டம் 45.7 செ.மீ., பந்து அதில் பாதிக்குச் சற்று மேல். சுமார் 32 டிகிரிக்குக் கீழே தாழ்வாக வருகிற பந்து ரிங்கைத் தொடாமல் உள்ளே போகவே முடியாது. 7 மீட்டருக்கு அப்பாலிருந்து அந்த வளைவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியமா? என்.பி.ஏ.யில் ரே ஆலன் போட்ட 2,973 த்ரீயை 2021 டிசம்பரில் ஸ்டீஃபன் கறி தாண்டியபோது நானும் துள்ளிக் குதித்தேன். இன்னொன்றும் உண்மை: டங்க் மட்டும் தெரிந்தவனை ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் எதிரணி வேண்டுமென்றே ஃபவுல் செய்து, யாரும் தடுக்காமல் நின்று எறிகிற ஃப்ரீ த்ரோ லைனில் நிறுத்திவிடும். ஷாகில் ஓ'நீலுக்கு அதைத்தான் செய்தார்கள். அவருடைய ஃப்ரீ த்ரோ சராசரி 52.7 சதவீதம்தான். அப்படியும் நான்கு சாம்பியன் பட்டம் அவர் கைக்கு வந்தது. அவரை நிறுத்த ஆட்டத்தையே நிறுத்த வேண்டியிருந்தது என்றால் அவர் உள்ளே செய்த வேலையின் கனத்தைப் புரிந்துகொள்ளலாம்.

சிராவயல் மஞ்சுவிரட்டில் ஒருவன் திமிலைப் பிடித்து நின்றுவிட்டால், "உடம்பு வாகு இருக்கு, பிடிச்சான்" என்று சொல்லி யாராவது நகர்ந்து போகிறார்களா? உடம்பையும் துணிச்சலையும் சேர்த்தே மதிக்கத் தெரிந்த ஊர்தானே நம்முடையது. கூடைப்பந்துக்கு வந்தால் மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

நம்ம பக்கத்தில் டங்க் மதிக்கப்படாமல் இருப்பதற்கு இரும்புக்கும் பங்கு உண்டு. பெரும்பாலான மைதானங்களில் இருப்பது போர்டோடு சேர்த்து வெல்டிங் வைத்த ரிங். யாராவது தொங்கினால் வளைந்துவிடும், போர்டே சாய்ந்துவிடும். அதனால் பையன்கள் எகிறினாலே "டேய், ரிங்கைத் தொடாதே" என்று குரல் வரும். சொல்கிறவரையும் குறை சொல்ல முடியாது, வளைந்தால் சரிசெய்யக் காசு யார் தருவார்கள்? ஆனால் விளைவு என்ன? ஷூட்டிங் பழக ஒரு பந்தும் ஒரு ரிங்கும் போதும், யாரும் தடுப்பதில்லை. டங்க் பழகுவதற்கே அனுமதி இல்லை. பழக விடாமல் வைத்துவிட்டு, அடிக்கிறவனைப் பார்த்து உயரத்தில் அடிக்கிறான் என்பது நியாயமே இல்லை.

இதற்கு வழி எப்போதோ வந்துவிட்டது. 1979-இல் என்.பி.ஏ. ஆட்டக்காரர் டேரில் டாகின்ஸ் ஒரு மாதத்துக்குள் இரண்டு கண்ணாடி போர்டுகளை டங்க் அடித்தே உடைத்தார். அதற்கு முன்பே அமெரிக்காவின் இல்லினாய்ஸில் தானியக் கிடங்கில் வேலை பார்த்த ஆர்தர் எராட் என்பவர், டிராக்டர் கல்டிவேட்டர் கலப்பையின் ஸ்பிரிங்கை எடுத்து, அழுத்தினால் மடங்கி, விட்டால் தானாக நிமிர்கிற ரிங்கைச் செய்து பார்த்திருந்தார். 1982-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இன்று பெரிய மைதானங்களில் எல்லாம் அந்த வகை ரிங்தான்.

அடுத்த தடவை உங்கள் ஊர் மைதானத்தில் போர்டு மாற்றும்போது ஸ்பிரிங் வைத்த ரிங்தானா என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான் செய்யும். கோயில் திருப்பணிக்குச் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து மனசாரப் பணம் அனுப்புகிற அண்ணன்மார்கள் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஒரு ஜோடி ரிங்குக்கும் சேர்த்து அனுப்புங்கள். பொறுப்பெடுத்து நின்று மாட்டிக் கொடுக்க ஆள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், என் பங்கை நானும் தருகிறேன்.