போதகர்னா யாரு? அப்போ உபதேசியார் யாரு?

போதகர்னா சர்ச்சுல முறைப்படி குருப்பட்டம் வாங்குனவரு மட்டும்தான், மத்தவங்கள அப்படிக் கூப்பிடவே கூடாதுன்னு சில பேரு அடிச்சுப் பேசுறதப் பாத்தா எனக்குச் சிரிப்புதான் வருது. அந்த வார்த்தை நம்ம பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புல எங்கெங்க வருதுன்னு ஒருதடவ பொரட்டிப் பாருங்கய்யா. யோவான் முதல் அதிகாரத்துலயே ரபீன்னா போதகரேன்னு அர்த்தம்னு போட்டிருக்கு. அதாவது வாத்தியார். எபேசியர் 4:11ல மேய்ப்பர், போதகர்னு ரெண்டு வார்த்தை இருக்கு, பாஸ்டர்ங்கிறதுக்கு நேரா வர்றது அதுல மேய்ப்பர்தான், ஆனா பேச்சுல யாரும் "எங்க மேய்ப்பர் வந்துட்டாரு"ன்னு சொல்றதில்ல, போதகர்னுதான் சொல்றோம், அப்படியே பழகிப்போச்சு. சரி, பழகட்டும். ஆனா அதையே ஒரு பட்டமாக்கி, போஸ்டர்ல பேருக்கு முன்னாடி பெரிய எழுத்துல போட்டு, போடாட்டி கோவிச்சுக்கிறது வரைக்கும் போனா எப்படி? மத்தேயு 23ல ரபீன்னு கூப்பிட வைக்காதீங்க, உங்களுக்குக் கிறிஸ்து ஒருத்தர்தான் போதகர்னு இருக்கு. யாக்கோபு இன்னும் ஒரு படி மேல போய், உங்கள்ல நிறைய பேரு போதகராக வேண்டாம், தீர்ப்பு கடுமையா இருக்கும்ங்கறாரு. இந்த வசனத்துக்கு மட்டும் கன்வென்ஷன்ல பிரசங்கமே நடக்காது.

எங்க திருநெல்வேலிப் பக்கம் சிஎஸ்ஐல, அதாவது தென்னிந்தியத் திருச்சபையில, போதகர்னு பேச்சுல சொல்றவங்க கம்மி, ஐயர்தான். அவரு வீட்டம்மா ஐயரம்மா. "இந்த வாரம் ஐயர் லீவு"ன்னு சென்னை ஆபீஸ்ல போன்ல பேசுனா பக்கத்து சீட்டுக்காரரு நிமிந்து பாப்பாரு, அவருக்கு வேற ஐயர் ஞாபகம் வரும். ரேனியஸ் ஐயர், கால்டுவெல் ஐயர், போப் ஐயர்னு வெள்ளக்கார மிஷனரிங்களையே அப்படித்தான் கூப்பிட்டிருக்காங்க. கத்தோலிக்கத்துல இதுக்கு மேல ஒரு வேடிக்கை, அங்க உபதேசம் பண்ற ஆளுக்குப் பேரு வேதியர்! இலக்கியத்துல வேதியர்னா அந்தணர், இங்க கோயில் வேலை பாக்குற சாதாரண சம்சாரி. அவங்களுக்குன்னே வீரமாமுனிவர் வேதியர் ஒழுக்கம்னு ஒரு நூல் எழுதியிருக்காரு. பாதிரியார் போர்ச்சுகீசியத்துல இருந்து வந்தது, கிராமத்துல சாமியார், டவுன்ல ஃபாதர். ஆயர் விஷயத்துல இன்னும் குழப்பம், சிஎஸ்ஐல பிஷப்புக்கே பேராயர்னுதான் பேரு, கத்தோலிக்கத்துல பிஷப்னா ஆயர், ஆர்ச்பிஷப்தான் பேராயர். பத்திரிகைக்காரங்க இதுல தடுமாறாத நாள் கிடையாது. பிரதரன் சபைக்காரங்க இந்தப் பஞ்சாயத்தே வேண்டாம்னு எல்லாரையும் பிரதர்ங்கிறதோட முடிச்சுட்டாங்க, அது ஒருவகையில நிம்மதி.

நான் சொல்ல வந்தது உபதேசியாரைப் பத்தி.

போதிக்கிறவன்தான் போதகர்னா அந்தப் பேருக்கு முதல் உரிமை அவருக்குத்தான். ஆனா நம்ம சபை வரிசையில அவரு கடைசி. சேகரம்னா பல ஊர் சபைங்க சேந்தது, அந்தச் சேகரத்துக் குருவானவருக்குக் கீழ எத்தனையோ கிளைச்சபை இருக்கும், அவரு எல்லா ஊருக்கும் எல்லா வாரமும் வர முடியாது, திருவிருந்து குடுக்க, ஞானஸ்நானம் குடுக்கன்னு முறைவச்சு வருவாரு. மத்த நாளெல்லாம் ஊரோட இருக்குறது உபதேசியார்தான். சாயங்காலம் மணி அடிக்கணும், விளக்கு ஏத்தணும், நாலு கிழவிங்க மட்டும் வந்தாலும் ஜெபம் நடத்தணும். திடப்படுத்தல், அதாவது கன்ஃபர்மேஷன், எடுக்குற பிள்ளைங்கள உக்கார வச்சு விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளையையும் மனப்பாடம் ஆகுற வரைக்கும் சொல்லிக் குடுக்கணும், "பாதாளத்தில் இறங்கினார்"ங்கிற இடத்துல எந்தப் பய முழிப்பான்னு அவருக்கு முன்கூட்டியே தெரியும். ராத்திரி ஒரு மணிக்கு யாருக்காவது இழுத்துக்கிட்டு கெடந்தா மொதல்ல தட்டுற கதவு அவரு வீட்டுக் கதவு. அந்தக் காலத்துல பள்ளிக்கூட வாத்தியாரும் அவரேதான். ஞானோபதேசம் சொல்லிக் குடுக்குறவரு, அதனால உபதேசியார்.

வரலாறப் பாத்தாலும் அப்படித்தான். தரங்கம்பாடியில 1733ல குருப்பட்டம் வாங்குன ஆரோன், புராட்டஸ்டன்ட் சபையில முதல் இந்தியக் குரு, அதுக்கு முன்னாடி அவரு உபதேசியார். 1790ல பட்டம் வாங்குன சத்தியநாதனும் உபதேசியாரா இருந்தவருதான், நெல்லைச் சீமையில சபையைக் கட்டி நடத்துனது அவரு. 1799ல முதலூர்னு ஒரு ஊரே உருவானதுக்குக் காரணமான டேவிட் சுந்தரானந்தமும் உபதேசியார். வெள்ளக்காரங்க டைரி எழுதுனாங்க, கடுதாசி எழுதுனாங்க, அதனால அவங்க பேரு நிலைச்சுது. தேரிக்காட்டு மணல்ல நடந்து ஊர் ஊராப் போன இவங்கள்ல முக்கால்வாசிப் பேரோட பேரு நமக்குத் தெரியாது.

இப்போ என்னடான்னா உபதேசியார்னு சொன்னாலே ஏதோ கொறச்சலான பேரு மாதிரி ஆகிடுச்சு. சபை ஊழியர்னு மாத்திக்கிட்டாங்க, சரி. ஆனா சம்பளம் கேட்டா வாயத் தொறக்க மாட்டாங்க. கமிட்டிக்காரரு அவரை "ஏய் உபதேசியாரே, மைக்க எடுத்து வைய்யும்"னு வெரட்டுறத நானே பாத்திருக்கேன். அதே கமிட்டிக்காரரு, போன மாசம் வாடகைக்கு ஹால் புடிச்சு ஊழியம் ஆரம்பிச்ச ஒருத்தரை "பாஸ்டர் ஐயா, தீர்க்கதரிசி ஐயா"ன்னு கும்பிடுறாரு. புதுசா ஊழியம் ஆரம்பிக்கிறது தப்புன்னு நான் சொல்லல, அதுலயும் ராப்பகலா ஜனங்களுக்காக ஓடுறவங்க இருக்காங்க, தெரியும். ஆனா சொல்லிக் குடுக்குறவரு யாரு, கூட்டம் சேக்குறவரு யாருன்னு பாத்துல்லய்யா மரியாதை குடுக்கணும்?

ஒவ்வொரு கோயில்லயும் ஒரு கல்வெட்டு இருக்கும் பாருங்க, இந்தச் சேகரத்தில் பணியாற்றிய குருவானவர்கள்னு வருஷத்தோட வரிசையாப் பேரு. உபதேசியார் பேரு இருக்குற கல்வெட்டை நான் இன்னும் பாக்கல. எழுபது எம்பது வயசு ஆளுங்க இருக்குற ஊர்ல இப்போ கேட்டாக்கூட நாலஞ்சு பேரு கெடைக்கும், "இன்னாரு காலத்துலதான் நான் திடப்படுத்தல் எடுத்தேன்"னு சொல்லுவாங்க. கமிட்டியில இருக்குற அண்ணாச்சிமாரே, பிரதிஷ்டைப் பண்டிகைக்கு சீரியல் செட்டு போடுற காசுல கொஞ்சம் மிச்சம் புடிச்சு அந்தப் பேரையும் வெட்டி வைங்க. உங்க ஊர்ல ஏற்கனவே வெட்டியிருந்தா போட்டோ எடுத்துக் கீழ போடுங்க, பாக்கணும்.