கிபிருக்குக் கீழே இருந்த ஆக்களும் றிவியூ எழுத வேணும்

வோர் தண்டர் என்கிற போர் விமான கேமில் கிபிர் என்கிற குண்டுவீச்சு ஜெட் இருக்கிறது. அதுமாதிரியான மிக்-27உம் இருக்கிறது. மட்டக்களப்பில் எங்கட பொடியன்கள் பலர் இப்போது இரவிரவாக ஓட்டுவது அதைத்தான். கிபிர் இலங்கை விமானப்படைக்கு வந்தது 1996இல், மிக்-27 வந்தது 2000இல். போர் நடந்த 2006, 2007இல் எங்கட மாவட்டத்து வாகரையிலும் படுவான்கரையிலும் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

கேம் திறமாகத்தான் செய்திருக்கிறார்கள். மருமகன் விளையாடும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். குண்டு இறக்கையில் பட்டால் விமானம் ஒரு பக்கம் இழுக்கும், எண்ணெய்த் தாங்கி பற்றும், கடுமையாகத் திருப்பினால் விமானிக்குக் கண் இருட்டும். 1942 ஏப்ரல் 9 எங்கள் கடலில் ஹெர்மிஸ் என்கிற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைத் தாட்ட ஜப்பானிய டைவ் பொம்பரைக்கூட அதில் ஓட்டலாம். அன்றைக்கு அந்தக் கப்பலில் ஒரு விமானமும் இல்லை. 307 பேர் செத்தார்கள். கப்பல் இன்றைக்கும் எங்கள் கடலடியில்தான் கிடக்கிறது.

ஆனால் கேமில் கீழே பாருங்கள். வீடு இருக்கும், றோட்டு இருக்கும், சனம் இருக்காது. குண்டு விழும், புள்ளி ஏறும். "கிபிர் வருது, பங்கருக்குள்ள இறங்கு மனே" என்று கத்துகிற தாய் அங்கே இல்லை. சத்தம் கேட்டு நிமிர்வதற்குள் விமானம் தாண்டிப் போயிருக்கும் என்பதும் விமானி இருக்கையில் இருப்பவனுக்குத் தெரியாது.

2023 மே மாதம் இந்த கேமுக்கு எதிராக, கேம் விற்கிற ஸ்டீம் தளத்தின் றிவியூ பகுதியில் ஆயிரக்கணக்கானோர் கொதித்து எழுதினார்கள். அடிபட்ட விமானத்தைத் திருத்தக் கேமுக்குள் கட்டுகிற காசு கூடிப்போச்சு என்பது அவர்களின் பெரிய முறைப்பாடுகளில் ஒன்று. நியாயமான கோபம்தான், நிறுவனமும் இறங்கி வந்து மாற்றியது. விமானத்தைத் திருத்துகிற செலவுக்கு இவ்வளவு குரல் எழுந்த இடத்தில், அது குண்டு போட்ட ஊரைப் பற்றி ஒரு வரியும் நான் காணவில்லை.

"அது கேம்தானே" என்கிறார்கள். கேம்தான் என்றால் ஒவ்வொரு ஆணியும் உண்மையாக இருக்க வேணும் என்று ஏன் சண்டை பிடிக்கிறீர்கள்? உண்மை வேணும் என்று நீங்கள்தான் கேட்கிறீர்கள். அதை விமானத்தின் வயிற்றோடு நிறுத்திக்கொள்கிறீர்கள்.

சனத்தை இலக்காகப் போடச் சொல்லவில்லை. அது இதைவிடக் கேவலம். விமானங்களுக்கு வரலாற்றுக் குறிப்பு எழுதுகிறார்களே, அதில் கிபிர் எந்த நாட்டில், எந்த ஊர்களுக்கு மேலே பறந்தது என்றும் எழுதட்டும். அதைக் கேட்க வேண்டியது நாங்கள்தான். வாகரை, கதிரவெளி, கொக்கட்டிச்சோலைப் பிள்ளைகளே, கேமை விடச் சொல்லவில்லை, விளையாடுங்கள். ஸ்டீமில் உங்கள் றிவியூவைத் தமிழிலேயே போடுங்கள். வீட்டில் அம்மாவிடம், பெரியம்மாவிடம் கேட்டு, அவர்கள் எந்தப் பங்கருக்குள் இருந்தார்கள் என்பதையும் அதில் எழுதுங்கள். விமானம் எப்படிப் பறக்குது என்பதை அதுக்குப் பிறகு எழுதலாம்.